ஈசிஜி நார்மல், ஆனால் நடுராத்திரியில் வந்தது என்ன?

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. படுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கனவு எதுவும் இல்லை, சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ தோளைப் பிடித்து உலுக்கியதுபோல் எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்குள் கேட்டது. குப்பென்று வியர்த்து பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியில் நின்றது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் மரமரத்தது. சாகப்போகிறேன் என்பது அப்போது ஒரு சந்தேகமாகக்கூடத் தோன்றவில்லை, முடிவாகிவிட்ட செய்தியாகவே தோன்றியது.

அம்மா லைட்டைப் போட்டுவிட்டு, "என்னப்பா, நெஞ்சு வலிக்குதா?" என்றார். வலி என்று சொல்ல முடியவில்லை. "என்னமோ பண்ணுதும்மா" என்று மட்டும் சொன்னேன். "வாயுவா இருக்கும், ராத்திரி பரோட்டா சாப்பிட்டியே" என்று ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குள் எதிர்வீட்டு அண்ணன் பைக்கை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போதே பாதி அடங்கியிருந்தது. மிச்சமிருந்தது கைகால் நடுக்கம் மட்டும்தான். ஈசிஜி எடுத்தார்கள். "நார்மல்தான் சார், ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மாதத்தில் அது இன்னும் நான்கு முறை வந்தது.

"ஒண்ணுமில்ல" என்ற அந்தப் பதிலோடு எனக்குப் பல நாள் சண்டை. மாரடைப்புக்கான அறிகுறி இல்லை என்பதைத்தான் அந்தத் தாள் சொன்னது, அதுவும் அந்த நிமிடத்து நிலவரத்தை. உடம்பு நனைந்து, விரல் மரத்து, மூச்சு முட்டியது எல்லாம் நிஜமாகவே நடந்தவை. அதற்கு ஒரு பெயர் உண்டு, அது நடக்கும் விதம் உண்டு, சிகிச்சையும் உண்டு. இதைவிட மோசமான இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையிலேயே இதயமோ சர்க்கரையோ சிக்கலில் இருக்கும் ஒருவருக்கு "வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைப்பது. இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. நடுராத்திரி வரும் எல்லாவற்றையும் நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

எனக்கு வந்தது தூக்கத்தில் வரும் பேனிக் அட்டாக். தமிழில் பீதித் தாக்கம் என்கிறார்கள். பகலில் அடிக்கடி பேனிக் அட்டாக் வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளின்படி அதற்கும் மேல், ஒரு முறையாவது இது தூக்கத்திலும் வந்திருக்கிறது. பலரும் கெட்ட கனவு கண்டு பயந்ததாக நினைப்பார்கள். அப்படி அல்ல. நாம் தெளிவாகக் கனவு காண்பது பெரும்பாலும் ரெம் என்னும் தூக்கநிலையில், அது விடியலை நெருங்க நெருங்க நீளும். பேனிக் அட்டாக் வருவதோ தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கும் கட்டத்தில். அந்த நேரத்தில் மனதில் கதை ஏதும் ஓடுவதில்லை. அதனால்தான் விழித்ததும் "எதற்காகப் பயந்தேன்?" என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. காரணம் அகப்படாததே அடுத்த பயமாகிவிடுகிறது.

சரி, நினைப்பே இல்லாமல் பயம் எப்படி வரும்? குழந்தை சிணுங்கினால் அடுத்த நொடி எழுந்துவிடும் தாய், பக்கத்துத் தெருவில் வெடி வெடித்தாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்கும் மூளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, எது முக்கியம் என்று குறித்துவைத்திருக்கிறதோ அதற்கு மட்டும் எழுப்புகிறது. பேனிக் உள்ளவரின் மூளை குறித்துவைத்திருப்பது தன் சொந்த உடம்பின் அசைவுகளை. தூக்கத்தில் மூச்சு கொஞ்சம் மந்தமாகும். இரத்தத்தில் கரியமில வாயு சற்றே கூடும். இதயத்துடிப்பு ஏறி இறங்கும். எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான் இது. ஆனால் இவருடைய மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு மணியடித்துவிடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் 1993-இல் இதை, மூச்சுத்திணறலைக் கண்டுபிடிக்கும் அலாரம் தவறாக அடிப்பது என்று விளக்கினார். கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தால் பேனிக் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட எளிதாக அட்டாக் வருகிறது என்பது சோதனைகளில் பலமுறை பார்க்கப்பட்டது. எனக்கு இதைவிட மனதில் நின்றது கலிஃபோர்னியாவில் உளவியலாளர் மிஷேல் கிராஸ்க் நடத்திய ஓர் ஆய்வு, 1995-இல் வெளியானது. தூக்கத்தில் பேனிக் வருபவர்களிடம், "நீங்கள் தூங்கும்போது உங்கள் உடலில் மாற்றம் தெரிந்தால் ஒரு ஒலி வரும்" என்று சொல்லிவைத்து, தூக்கத்தில் அந்த ஒலியை எழுப்பினார்கள். அப்படிப்பட்ட மாற்றம் இயல்பானதுதான், எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள், அப்படித் தெரியாதவர்களைவிடக் குறைவான பயத்தோடு எழுந்தார்கள். படுக்கப்போகும் முன் கேட்ட இரண்டு வாக்கியம், தூக்கத்துக்குள் போய் வேலை செய்திருக்கிறது. "ஒண்ணுமில்ல" என்று சொல்வதற்கும், "உங்கள் உடம்பில் நடப்பது இதுதான்" என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

மணி அடித்த பிறகு நடப்பது எல்லாம் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை. சிங்கம் துரத்தும்போது ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டை, கட்டிலில் படுத்திருப்பவர் மீது அது கொட்டிவிடுகிறது. துடிப்பு ஏறுகிறது. தோலுக்குப் போகும் இரத்தம் தசைக்குத் திருப்பிவிடப்படுவதால் கைகால் சில்லிடுகிறது. அவசரமாகப் பாத்ரூம் போகத் தோன்றுகிறது. மூச்சு முட்டுகிறதே என்று வேகவேகமாக இழுத்து விடுகிறோம், அதில் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியே போய்விடுகிறது. இரத்தம் சற்றே காரத்தன்மை அடைகிறது, அதில் தனித்து மிதக்கும் கால்சியத்தின் அளவு குறைகிறது, நரம்புகள் தானாகச் சுண்டத் தொடங்குகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது அதனால்தான். சிலருக்கு விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளக்கூடச் செய்யும், பக்கத்தில் இருப்பவர்கள் பக்கவாதம் என்று பயந்துபோவார்கள். பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அடங்கியிருப்பது அதனால்தான். நடித்தார் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் இந்தக் காலத்து டென்ஷன் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் திடீர் படபடப்பும் மூச்சுமுட்டலும் நெஞ்சுவலியுமாக வந்த சிப்பாய்களை ஆராய்ந்து ஜேக்கப் டா காஸ்டா என்ற மருத்துவர் 1871-இலேயே எழுதியிருக்கிறார். இதயத்தில் கோளாறைக் காண முடியாமல் எரிச்சலுற்ற இதயம் என்று பெயர் வைத்தார். முதல் உலகப்போரில் அதுவே சிப்பாயின் இதயம் ஆனது. பேனிக் டிஸ்ஆர்டர் என்று தனிப்பெயர் கிடைக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "எனக்கும் பேனிக்தான்" என்று யாரும் தானாக முடிவு கட்டிவிடக் கூடாது. மற்றவை எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயருக்கு வர வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதல் முறையாக வந்தால் இன்னும் கூடுதலாகத் தேட வேண்டும்.

என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம், எழுபதை நெருங்கிய வயது. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுமுட்டி எழுவார். எழுந்ததும் நேரே ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரியம்மா பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொடுப்பார். இருபது நிமிடம், அரைமணி நேரத்தில் சீராகும். அப்புறம் படுக்க மாட்டார், ஈஸிசேரிலேயே விடியும். ஊரில் வீசிங் என்று சொல்லி சிரப் கொடுத்துவந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்த ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்னே கேட்ட கேள்வி, "ஐயா, எத்தனை தலையணை வச்சுப் படுக்குறீங்க?" மூன்று என்றார் பெரியப்பா. டாக்டர் குனிந்து அவர் முன்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறன் முப்பது சதவீதத்துக்கு வந்திருந்தது. நன்றாக இருக்கும் இதயத்துக்கு அது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

பகல் முழுக்க நின்று நடமாடும்போது காலில் தேங்கும் நீர், படுத்தவுடன் மெல்ல இரத்தத்துக்குத் திரும்புகிறது. பலவீனமான இதயத்தால் அந்தக் கூடுதல் சுமையைத் தள்ள முடியாது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் படுத்ததும் வராமல், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வருகிறது. எழுந்து உட்கார்ந்தால், நின்றால் குறைகிறது. பேனிக் வரும் நேரமும் ஏறத்தாழ இதுவே என்பதுதான் சங்கடம். ஆனால் எத்தனை தலையணை, கால் வீக்கம் உண்டா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்ற மூன்று கேள்வியில் பெரும்பாலும் இரண்டும் பிரிந்துவிடும். பெரியப்பாவுக்கு நீர் பிரியும் மாத்திரையும் இதயத்துக்கான மாத்திரைகளும் தொடங்கிய இரண்டாம் வாரமே கட்டிலில் படுத்துத் தூங்கினார்.

நம் ஊரில் அடுத்து நினைக்க வேண்டியது சர்க்கரை. இன்சுலின் போடுபவர், அல்லது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை போடுபவர், ராத்திரி பசியில்லை என்று ஒரே ஒரு இட்லியோடு நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால், நடுராத்திரியில் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். அப்போதும் அட்ரினலின்தான் பாய்கிறது. அதனால் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் பேனிக்கை அச்சடித்ததுபோல் இருக்கும். தலையணை உறை நனைந்திருப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி, பேச்சு குழறுவது ஆகியவை இதன் தடயம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நிமிடமே குத்திப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கவனிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

குறட்டைக்காரர்களின் விஷயம் வேறு. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைபட்டு, பத்து நொடி, இருபது நொடி மூச்சே நின்று, பிறகு "ஹக்" என்று திணறி எழுவார்கள். இவர்களுக்குத் தாங்கள் எழுந்ததே பல சமயம் நினைவிருக்காது, பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பயந்துபோவார். பகலில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூக்கம் சொக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவிதான் இன்றைக்கும் இதற்கு முதன்மையான சிகிச்சை. குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

அம்மா சொன்ன வாயுவிலும் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே ஏறும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைவதால் அது உணவுக்குழாயிலேயே நின்றுவிடும். புளிப்பும் எரிச்சலுமாக எழுவோம். சிலருக்கு ஒரு துளி குரல்வளையைத் தொட்டு அது இறுக மூடிக்கொள்ளும், சில நொடிகள் காற்றே போகாது. அந்தப் பயத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விட்டு, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, இடதுபுறம் சாய்ந்து படுத்தால் பெரும்பாலும் குறையும். ஆனால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த பாரம், தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, அதோடு வியர்வை என்றால் வாயு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுமுட்டலும் மட்டும்கூட மாரடைப்பாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், சில மணி நேர இடைவெளியில், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

துடிப்பு சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று 150-க்கு மேல் ஏறி, சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஈசிஜி எடுத்தால்தான் பிடிபடும், அதற்காகத்தான் 24 மணி நேரமும் ஈசிஜியைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி அனுப்புகிறார்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் படபடப்பு வரும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உடம்பு அசையவில்லை, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கத்த நினைத்தாலும் குரல் வரவில்லை என்றால் அது நம் பாட்டிகள் சொன்ன அமுக்குவான் பேய். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை கைகால் தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம். தலையணைக்குக் கீழே இரும்புத் துண்டு வைப்பார்கள். அது ஒரு தைரியம், அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. விரல் ஒன்றை மட்டும் அசைக்க முயன்றால் பெரும்பாலும் கட்டு விட்டுவிடும்.

தூக்கத்திலேயே போய்விடுவோமோ என்ற பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன மோங் இனத்து இளைஞர்கள், எந்த நோயும் இல்லாதவர்கள், 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கத்தில் இறந்தார்கள். பிலிப்பைன்ஸில் பங்குங்கோட் என்றும் ஜப்பானில் பொக்குரி என்றும் இப்படிப்பட்ட மரணத்துக்கு முன்பே பெயர் இருந்தது. 1992-இல் இதய மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள் எட்டு நோயாளிகளின் ஈசிஜியில் ஒரு தனி வடிவத்தைக் கண்டு எழுதினார்கள். அந்த மரணங்களில் பலவற்றுக்கு, அந்த வடிவம் காட்டும் இதய மின்கோளாறே காரணம் என்பது பிறகு தெரிந்தது. இது அரிது, பரம்பரையில் வருவது. உங்கள் குடும்பத்தில் இளம் வயதிலேயே யாராவது தூக்கத்தில் இறந்திருந்தாலோ, நீங்கள் காரணமில்லாமல் மயங்கி விழுந்திருந்தாலோ அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் எதிலும் இல்லாத, நீங்கள் மட்டுமே தரக்கூடிய தகவல் அது.

எனக்கு ஈசிஜி, எக்கோ, ஹோல்டர், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். பிறகு மனநல மருத்துவரிடம் போனேன். போவதற்கு வெட்கப்பட்டு மூன்று மாதம் வீணாக்கினேன். பேனிக்குக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை (மனச்சோர்வுக்கும் கொடுப்பது) மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிப் போடும் அல்பிரசோலம் அன்றைக்குத் தூங்கவைக்கும், பழகிவிட்டால் அதை விடுவதே தனி நோயாகிவிடும். எனக்கு அதிகம் உதவியது மருந்தோடு சேர்ந்து டாக்டர் கொடுத்த பேச்சுவழிச் சிகிச்சை. அதில் ஒரு பகுதி வேடிக்கையாகத் தோன்றும். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னார். சுழல்நாற்காலியில் சுற்றிவிட்டார். படபடப்பையும் மயக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் வேண்டுமென்றே வரவழைத்து, அவை வந்து தானாகப் போவதை மூளைக்குக் காட்டுவதுதான் நோக்கம். சாயங்கால காபியை நிறுத்தினேன். காபியின் காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, மது இறங்கும் பின்னிரவில் உடம்பு எதிர்வினையாகப் பரபரக்கும்.

அட்டாக் வரும் நேரத்தில் பேப்பர் பையில் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் ஆபத்து. எழுந்து உட்கார்ந்து, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் போதும். அப்புறம், அடங்கியதும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், எழுந்ததும் முதலில் தெரிந்தது என்ன, எது செய்ததும் குறைந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது. நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. டாக்டர் முன் உட்காரும்போது "என்னமோ பண்ணுச்சு" என்ற சொல்லைவிட அந்தத் தாள் பத்து மடங்கு பேசும். ராத்திரியில் பேசுவதற்கு ஆளே இல்லை என்றால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

போன மார்கழியில் ஒரு முறை வந்தது. மணி பன்னிரண்டே முக்கால். எழுந்து உட்கார்ந்து நாடியைப் பிடித்தேன், 118. தாளில் எழுதினேன். விரல் மரத்ததும், கால்சியம், சரி, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு 84. அம்மாவை எழுப்பவில்லை. அப்புறம் என்னை எழுப்பியது காலையில் கோயில் மைக்கில் ஒலித்த திருப்பாவைதான்.